விண்டோஸில் ஜிசிசி, மேக், பாஷ்: எம்சிஸ்2 போதுமா, டபிள்யூஎஸ்எல் வேண்டுமா?

நெல்லை_நிரல்

வணக்கம். கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. போன வருடம் முழுக்க லேபில் டாஸ்பாக்ஸுக்குள் டர்போ சி++ நீலத்திரைதான், வாய்ட் மெயின், கெட்ச் என்று ஓட்டிவிட்டோம். இந்த செமஸ்டரில் ஆபரேட்டிங் சிஸ்டம் லேப். ஷெல் ஸ்கிரிப்ட், ஃபோர்க் (ஒரு பிராசஸ் தன்னையே நகலெடுத்துப் புதிய பிராசஸைத் தொடங்குவது), பைப் (ஒன்றின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொடுப்பது) எல்லாம் எழுதச் சொல்கிறார்கள். அதுபோக டேட்டா ஸ்ட்ரக்சர் மினி ப்ராஜெக்ட் ஒன்று, சி-யில் எழுதி எக்ஸி ஃபைலாகக் கொடுக்க வேண்டும், சார் தன் விண்டோஸ் கம்ப்யூட்டரில் டபுள் கிளிக் செய்து பார்ப்பாராம்.

லேப்டாப் விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம். லினக்ஸைத் தனியாகப் போட முடியாது, அண்ணனும் இதே மெஷினில்தான் டாலி வேலை பார்க்கிறார், அதில் கை வைத்தால் வீட்டில் சண்டை.

இப்போதைய நிலை இதுதான். கோட்பிளாக்ஸ் ஏற்கெனவே இருந்தது. அதற்கு மேல் எம்சிஸ்2 (விண்டோஸில் யூனிக்ஸ் கருவிகளைத் தரும் தொகுப்பு) போட்டு, எம்சிஸ் என்று பெயர் போட்ட ஜன்னலைத் திறந்து, பொட்டலங்களை இறக்கும் பேக்மேன் கட்டளையில் வெறும் ஜிசிசி (சி கம்பைலர்) என்று கொடுத்து இறக்கினேன். அந்த ஜன்னலுக்குள் கம்பைல் ஆகிறது, ஓடவும் செய்கிறது. அதே எக்ஸியை ஃபோல்டரில் போய் டபுள் கிளிக் செய்தால் 'எம்சிஸ்-2.0.டிஎல்எல் கிடைக்கவில்லை' என்று பெட்டி வருகிறது. விஎஸ் கோட் டெர்மினலில் ஜிசிசி பதிப்பைக் கேட்டால் 8.1.0 என்கிறது, எம்சிஸ் ஜன்னலில் கேட்டால் அதைவிட ரொம்பப் புதிய எண் காட்டுகிறது. ஃபோர்க் நிரலை விஎஸ் கோடில் போட்டால் சிஸ் வெயிட் ஹெடரே இல்லை என்கிறது. எம்சிஸ் ஜன்னலில் அதே நிரல் ஓடுகிறது!

ஹாஸ்டல் நண்பன் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போடு என்கிறான். இன்னொருவன் சிக்வின் என்கிறான். எதைத்தான் வைத்துக்கொள்வது?

வெண்கல_முனையம்

தம்பி, உன் மெஷினில் எதுவும் கெட்டுப்போகவில்லை. நீ சொன்ன ஒவ்வொன்றும் அது அது செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது. இரண்டு வேறு ஜிசிசி உன்னிடம் இருக்கின்றன, எந்த ஜன்னலில் நிற்கிறாயோ அதைப் பொறுத்து ஒன்று பதில் சொல்கிறது.

முதலில் அந்த டிஎல்எல் (நிரல் ஓடும்போது தேடும் லைப்ரரி ஃபைல்) விஷயம். எம்சிஸ்2-வின் அடித்தளம் சிக்வினிலிருந்து பிரித்தெடுத்தது. சிக்வின் 1995-இல் சிக்னஸ் என்ற நிறுவனத்தில் ஆரம்பித்தது. யூனிக்ஸ் நிரல் ஃபோர்க் செய், பைப் திற, சிக்னல் அனுப்பு என்று கேட்கும்போது அதையெல்லாம் விண்டோஸுக்குப் புரியும் அழைப்புகளாக மாற்றித் தரும் ஒரே ஒரு டிஎல்எல், அதுதான் அதன் உயிர். எம்சிஸ்2-வில் அந்த டிஎல்எல்லின் பெயர்தான் உனக்குப் பெட்டியில் வந்தது. பாஷ், கிரெப், செட், மேக், பேக்மேன் எல்லாம் அதன் மேல்தான் ஓடுகின்றன. நீ வெறும் ஜிசிசி என்று கேட்டதால் அந்த உலகத்துக்கான ஜிசிசியைக் கொடுத்துவிட்டது. அது கட்டித் தரும் எக்ஸிக்கும் அதே டிஎல்எல் வேண்டும். சார் மெஷினில் அது இருக்காது. ஃபோர்க் அந்த ஜன்னலில் ஓடியதற்கும் இதுவே காரணம்.

உனக்கு மினி ப்ராஜெக்டுக்கு வேண்டியது மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64 ஜிசிசி. அது நேராக விண்டோஸின் சொந்த சி ரன்டைமை (பிரின்ட்எஃப் போன்ற அடிப்படை ஃபங்ஷன்கள் இருக்கும் லைப்ரரி) வைத்து எக்ஸி கட்டும், நடுவில் மொழிபெயர்ப்பாளர் யாரும் கிடையாது. எம்சிஸ்2 என்பதன் திட்டமே அதுதான்: கையில் பிடிக்கும் கருவிகள் யூனிக்ஸ் போல, கட்டி வெளியே வருவது அசல் விண்டோஸ் நிரல்.

கட்டளைகளை வாயால் சொல்வதுபோல எழுதுகிறேன், நீ ஆங்கிலத்தில் தட்டிக்கொள். ஸ்டார்ட் மெனுவில் எம்சிஸ்2 யூசிஆர்டி64 என்று தனியாக ஒரு ஜன்னல் இருக்கும், அதைத் திற. பேக்மேன், இடைவெளி, மைனஸ், பெரிய எஸ், சின்ன ஒய், சின்ன யூ. இது எல்லாவற்றையும் புதுப்பிக்கும். அடிப்படைப் பொட்டலங்கள் மாறினால் ஜன்னலை மூடச் சொல்லிக் கேட்கும், பயப்படாமல் ஒய் கொடு, ஜன்னல் மூடிக்கொள்ளும், மறுபடி திறந்து அதே கட்டளையைக் கொடு. நிறையப் பேர் இந்த இடத்தில் ஏதோ கிராஷ் ஆகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அப்புறம் பேக்மேன் மைனஸ் பெரிய எஸ், பொட்டலத்தின் பெயர் மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64-யூசிஆர்டி-எக்ஸ்86_64-ஜிசிசி. பெயர் நீளம்தான், ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் அர்த்தம் உண்டு, சுருக்கினால் வேறு ஏதாவது வந்து இறங்கும். டிபக்கர் வேண்டுமானால் கடைசித் துண்டை ஜிடிபி என்று மாற்று. மேக் (மேக்ஃபைலில் எழுதியபடி கம்பைல் கட்டளைகளை ஓட்டும் கருவி) மட்டும் வெறும் மேக் என்றே இறக்கலாம், அது எக்ஸிக்குள் போகிற பொருள் இல்லை.

முடிந்ததும் விச் ஜிசிசி என்று கேள். யூசிஆர்டி64-இன் 'பின்' ஃபோல்டர் என்று வர வேண்டும். யூஎஸ்ஆரின் 'பின்' ஃபோல்டர் என்று வந்தால் தப்பான ஜன்னலில் நிற்கிறாய்.

யூடியூபில் பாதிப் பேர் மின்ஜிடபிள்யூ64 ஜன்னலைத் திறக்கச் சொல்வார்கள். அது பழைய எம்எஸ்விசிஆர்டி ரன்டைமை நம்பியிருக்கிறது. யூசிஆர்டி என்ற புதிய ரன்டைம் 2015-இல் விண்டோஸ் 10-உடன் சேர்ந்தே வந்தது, எம்சிஸ்2-காரர்களே 2022-இல் அதை முதல் தேர்வாக மாற்றிவிட்டார்கள். புதிதாகப் போடும் உனக்குப் பழையது வேண்டாம். இரண்டையும் கலக்கவும் வேண்டாம், ஒன்றில் கட்டிய லைப்ரரியை இன்னொன்றில் இணைத்தால் வரும் பிழைகளைப் பார்த்தால் சி-யே வெறுத்துவிடும்.

அந்த 8.1.0 கோட்பிளாக்ஸோடு சேர்ந்து வந்தது. அதன் 20.03 பதிப்பில் அந்த ஜிசிசிதான் இருக்கும். பாத் (கட்டளையை விண்டோஸ் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) வரிசையில் அது முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான்.

ஃபோர்க் விஷயத்தில் மட்டும் மின்ஜிடபிள்யூ உதவாது. விண்டோஸில் ஃபோர்க் என்ற அழைப்பே கிடையாது, ஆகவே ஹெடரும் கிடையாது. அதற்கு வேறு வழி பார்.

கட்டளை_கந்தன்

மேலே அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஃபோர்க், பைப், ஷேர்டு மெமரி, செமஃபோர் என்று போகும் லேபுக்கு டபிள்யூஎஸ்எல்தான், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. சிக்வினிலும் ஃபோர்க் ஓடும், ஆனால் அது நடிப்பு. புதிய பிராசஸை எழுப்பி, பழையதன் நினைவகத்தை அதற்குள் நகல் எடுத்து, டிஎல்எல்கள் அதே முகவரியில் உட்கார்ந்தால்தான் சரியாக வரும் என்ற நிலை. நாலு ஃபோர்க் போடும் லேப் நிரலுக்குத் தெரியாது, ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னப் பிராசஸ்களை எழுப்பும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டிப் பார், டீ குடித்துவிட்டு வரலாம்.

டபிள்யூஎஸ்எல் 2016-இல் வந்தபோது லினக்ஸ் அழைப்புகளை விண்டோஸ் கெர்னலே புரிந்துகொள்ளும் அடுக்காக இருந்தது. 2019-இல் அறிவித்த டபிள்யூஎஸ்எல் 2-இல் நிஜமான லினக்ஸ் கெர்னலே ஒரு சின்ன விர்ச்சுவல் மெஷினில் ஓடுகிறது. ஆகவே முதலில் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியூ பக்கம் போய்க் கீழே விர்ச்சுவலைசேஷன் எனேபிள்டு என்று இருக்கிறதா பார். இல்லையென்றால் பயாஸில் போய் இயக்க வேண்டும். பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து டபிள்யூஎஸ்எல், இடைவெளி, இரண்டு மைனஸ், இன்ஸ்டால். ரீஸ்டார்ட். உபுண்டு தானாக வரும், ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கடவுச்சொல் தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, கீபோர்டு வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதே.

உள்ளே போனதும் சூடோ ஏப்ட் அப்டேட், பிறகு சூடோ ஏப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல் ஜிடிபி மேன்பேஜஸ்-டெவ். முதல் பொட்டலத்திலேயே ஜிசிசி, மேக் எல்லாம் அடக்கம். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுவார்கள், ஆனால் மேன் ஃபோர்க் என்று தட்டினால் முழு விளக்கமும் திரையிலேயே வரும், எக்ஸாமுக்குக்கூட அது போதும்.

இரண்டு விஷயம் மறக்காதே. ஒன்று, நிரல்களை லினக்ஸ் பக்க ஹோம் ஃபோல்டரிலேயே வை. எம்என்டி சி வழியாக விண்டோஸ் டிரைவில் வைத்து வேலை செய்தால் டபிள்யூஎஸ்எல் 2-இல் ஃபைல் வேகம் படுமோசம். விண்டோஸ் பக்கம் இருந்து பார்க்க வேண்டுமென்றால் உபுண்டுவில் நின்றுகொண்டு எக்ஸ்ப்ளோரர்.எக்ஸி, இடைவெளி, ஒரு புள்ளி என்று தட்டு, ஃபோல்டர் திறக்கும். இரண்டு, 8 ஜிபி ரேமில் பாதி வரை அது எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. அண்ணன் டாலியில் உட்காரும்முன் டபிள்யூஎஸ்எல் ஷட்டவுன் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் உன் யூசர் ஃபோல்டரில் டபிள்யூஎஸ்எல்கன்ஃபிக் ஃபைல் போட்டு அளவைக் கட்டு.

அங்கே கட்டுவது லினக்ஸ் நிரல். அதை சாரிடம் கொடுத்தால் டபுள் கிளிக்குக்கு மசியாது.

நடுச்சாமம்

அப்படியென்றால் எம்சிஸ்2 எதற்கு? உபுண்டுக்குள்ளேயே சூடோ ஏப்ட் இன்ஸ்டால் மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64 என்று போட்டால் விண்டோஸ் எக்ஸி கட்டும் ஜிசிசி அங்கேயே கிடைக்கிறது. கட்டளையின் பெயர்தான் எக்ஸ்86_64-டபிள்யூ64-மின்ஜிடபிள்யூ32-ஜிசிசி என்று வாய் வலிக்கும், மேக்ஃபைலில் சிசி என்ற மாறியில் ஒருமுறை எழுதிவிட்டால் முடிந்தது. கட்டிய எக்ஸியை உபுண்டு ஜன்னலிலிருந்தே ஓட்டியும் பார்க்கலாம், விண்டோஸ் பக்கம் தானாகப் போய்விடும். நான் வேலையில் இப்படித்தான் செய்கிறேன். இரண்டு உலகம், ஒரே ஜன்னல்.

வெண்கல_முனையம்

செய்யலாம். ஆனால் விஎஸ் கோடில் பிரேக்பாயின்ட் வைத்து அந்த எக்ஸியை டிபக் செய்ய ஒரு பையன் உட்காரும்போது அது இரண்டு பக்கமும் இழுக்கும். சார் கேட்டது விண்டோஸ் நிரல் என்றால் அதை விண்டோஸிலேயே கட்டிப் பழகட்டும் என்பது என் கட்சி. 8 ஜிபி மெஷினில் மினி ப்ராஜெக்டுக்காக ஒரு விர்ச்சுவல் மெஷின் எப்போதும் ஓட வேண்டியதும் இல்லை.

நெல்லை_நிரல்

இருவருக்கும் நன்றி அண்ணா. டபிள்யூஎஸ்எல் வந்துவிட்டது, ஃபோர்க் அங்கே ஓடுகிறது. யூசிஆர்டி64 ஜன்னலில் கட்டிய எக்ஸியும் டபுள் கிளிக்கில் திறக்கிறது.

விஎஸ் கோட் பக்கம்தான் சிக்கல். டெர்மினலில் வேர் ஜிசிசி என்று தட்டினால் எதுவுமே வரவில்லை, பிழையும் இல்லை, வெற்று வரி. பாத்தில் யூசிஆர்டி64 பின் ஃபோல்டரைச் சேர்த்துவிட்டேன், ஆனாலும் 8.1.0-தான் வருகிறது. மேக் என்று தட்டினால் அப்படி ஒன்று இல்லை என்கிறது. யூசிஆர்டி64 ஜன்னலில் மேக் ஓடுகிறது, ஆனால் மேக்ஃபைலின் மூன்றாவது வரியில் 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்று நின்றுவிடுகிறது, அதே வரியை நான் புத்தகத்தைப் பார்த்து அப்படியே தட்டியிருக்கிறேன். இன்னொன்று, ஷெல் ஸ்கிரிப்டை நோட்பேடில் எழுதி உபுண்டுவில் ஓட்டினால் பேட் இன்டர்பிரெட்டர் என்று சொல்லி, பாஷ் என்ற பெயருக்குப் பின்னால் தொப்பிக் குறியும் எம் எழுத்தும் காட்டுகிறது. அந்த எம் ஃபைலில் எங்கேயும் இல்லை.

லேப்_சாவி

நான் ஒரு கல்லூரி லேபைப் பார்த்துக்கொள்கிறேன், நீ சொன்ன ஒவ்வொன்றும் வாரத்துக்கு ஒரு மாணவராவது என்னிடம் கொண்டு வருவதுதான், தம்பி.

வேர்: விஎஸ் கோட் திறப்பது பவர்ஷெல். அங்கே வேர் என்பது வேறு ஒரு உள்கட்டளையின் சுருக்கப்பெயர், அதனால் சத்தமில்லாமல் எதையும் காட்டாது. வேர்.எக்ஸி ஜிசிசி என்று முழுதாகத் தட்டு. உன் மெஷினில் உள்ள எல்லா ஜிசிசியும் வரிசையாக வரும், முதல் வரியில் இருப்பதுதான் ஓடும். கோட்பிளாக்ஸ் மேலே இருந்தால், என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் ஜன்னலில் யூசிஆர்டி64 வரியை மூவ் அப் பொத்தானால் மேலே ஏற்று. சிஸ்டம் பாத் முதலில், யூசர் பாத் அதற்குப் பின்னால் என்றுதான் விண்டோஸ் சேர்க்கும், ஆகவே கோட்பிளாக்ஸ் சிஸ்டம் பக்கம் இருந்தால் நீ யூசர் பக்கத்தில் எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை. மாற்றியபின் விஎஸ் கோடை முழுதாக மூடித் திற. திறந்திருக்கும் டெர்மினலுக்குப் புதிய பாத் தெரியாது.

தயவுசெய்து செட்எக்ஸ் கட்டளையால் பாத்தை மாற்றாதே. நிறைய வலைப்பக்கங்களில் அதைத்தான் ஒரு வரியில் கொடுத்திருப்பார்கள். அது 1024 எழுத்துக்கு மேல் இருப்பதை வெட்டிவிடும். பாத் ஏற்கெனவே நீளமாக இருந்தால் வால் போய்விடும், பிறகு எந்தெந்த மென்பொருள் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அண்ணனுடைய மெஷின் வேறு.

பாத்தில் யூசிஆர்டி64 பின் மட்டும் போதும், எம்சிஸ்2-வின் யூஎஸ்ஆர் பின்னைச் சேர்க்காதே. கிரெப், செட் கிடைக்குமே என்று ஆசையாக இருக்கும். ஆனால் ஃபைண்ட், சார்ட் என்ற பெயரில் விண்டோஸின் சிஸ்டம்32-இலும் எக்ஸிகள் உண்டு, பெயர் ஒன்று, வேலை வேறு. எது முன்னால் வருகிறதோ அதற்கேற்ப உன் ஸ்கிரிப்டோ அல்லது விண்டோஸின் ஏதாவது பேட்ச் ஃபைலோ உடையும். யூனிக்ஸ் கருவி வேண்டுமென்றால் அதற்குரிய ஜன்னலைத் திறப்பதுதான் நிம்மதி. மேக் பவர்ஷெல்லில் கிடைக்காததும் இதனால்தான், அது யூஎஸ்ஆர் பின்னில் இருக்கிறது. அங்கேயும் வேண்டுமென்றால் மின்ஜிடபிள்யூ வரிசையில் மேக் பொட்டலம் ஒன்று உண்டு, அது மின்ஜிடபிள்யூ32-மேக் என்ற பெயரில் வந்து உட்காரும். ஆனால் பாத்தில் எஸ்எச் இல்லாவிட்டால் அது கட்டளைகளை விண்டோஸின் சிஎம்டியிடம் கொடுக்கும், மேக் கிளீனில் நீ எழுதிய ஆர்எம் அங்கே யாருக்கும் புரியாது.

மிஸ்ஸிங் செப்பரேட்டர்: மேக்ஃபைலில் கட்டளை வரி டேப் எழுத்தில் தொடங்க வேண்டும். விஎஸ் கோட் டேப் அடித்தால் சில சமயம் நாலு இடைவெளியாக மாற்றிவைக்கும். கீழ்ப்பட்டையில் ஸ்பேசஸ் 4 என்று இருந்தால், அதைக் கிளிக் செய்து டேபுக்கு மாற்று, பிறகு அந்த வரிகளை அழித்து மறுபடி டேப் அடி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

தொப்பி எம்: விண்டோஸ் ஒவ்வொரு வரியையும் இரண்டு பைட்டில் முடிக்கும், யூனிக்ஸ் ஒன்றில். அந்த அதிகப்படிப் பைட்டைத்தான் லினக்ஸ், இன்டர்பிரெட்டர் பெயரின் பகுதி என்று எடுத்துக்கொள்கிறது. விஎஸ் கோடின் கீழ்ப்பட்டையில் சிஆர்எல்எஃப் என்று இருப்பதை எல்எஃப் ஆக்கு, அல்லது உபுண்டுவில் டாஸ்2யூனிக்ஸ் இறக்கி ஒருமுறை ஓட்டு. கிட் பயன்படுத்தினால் அதுவும் உன்னைக் கேட்காமல் மாற்றிவைக்கலாம், ஸ்கிரிப்ட்களுக்கு கிட்அட்ரிபியூட்ஸ் ஃபைலில் எல்எஃப் என்று எழுதிவிடு.

கேட்காத ஒன்றும் சொல்கிறேன். 'அவுட்புட் ஃபைலைத் திறக்க முடியவில்லை, பெர்மிஷன் டினைட்' என்று சீக்கிரமே ஒருநாள் வரும். பெரும்பாலும் பழைய எக்ஸி பின்னால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், ஸ்கேன்எஃப் எதையோ எதிர்பார்த்து நிற்கும். விண்டோஸ் ஓடும் எக்ஸியை மாற்றி எழுத விடாது. டாஸ்க் மேனேஜரில் அதை முடி. அப்புறம் ப்ராஜெக்டை ஒன்டிரைவுக்குள் போகும் டெஸ்க்டாப்பில் வைக்காதே, ஃபோல்டர் பெயரில் இடைவெளி விடாதே, மேக்குக்கு இடைவெளி பிடிக்காது. சி டிரைவில் ஒர்க் என்று நேராக ஒரு ஃபோல்டர் போதும்.

திண்ணைவாசி

லேப் அக்கா, எங்கள் லேபில் அட்மின் பாஸ்வேர்டு யாரிடமும் இல்லை. எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாது. டர்போ சி-யை விட்டு வெளியே வர ஏதாவது வழி உண்டா?

லேப்_சாவி

டபிள்யூ64டெவ்கிட். கிறிஸ் வெல்லன்ஸ் என்பவர் பராமரிக்கிறார். இன்ஸ்டால் கிடையாது, பிரித்து ஒரு ஃபோல்டரில் வைத்தால் போதும், பென்டிரைவிலிருந்தும் ஓடும். ஜிசிசி, ஜிடிபி, மேக், விம் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. கிரெப், செட், ஆக் போன்றவற்றுக்கு பிஸிபாக்ஸ் இருக்கிறது. இன்டர்நெட் இல்லாத லேபுக்கு இதைவிட எளிதான ஒன்றை நான் பார்க்கவில்லை. பேக்மேன் மாதிரிப் புதிய லைப்ரரிகளை இறக்கும் வசதி இல்லை, ஃபோர்க் இதிலும் கிடையாது.

டர்போ சி-யிலிருந்து மாறும்போது கோனியோ ஹெடரில் கெட்ச் இங்கேயும் கிடைக்கும், கிளியர் ஸ்கிரீன் கிடைக்காது, கிராஃபிக்ஸ் ஹெடர் கிடையவே கிடையாது. அங்கே இன்ட் 2 பைட், இங்கே 4. 32767-ஐத் தாண்டினால் மைனஸுக்குப் போகும் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்த விடை இங்கே வராது, ரெக்கார்டு நோட்டில் எழுதும்முன் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெண்கல_முனையம்

இதோடு இன்னொன்று. லாங் என்பது 64 பிட் விண்டோஸில் 4 பைட், 64 பிட் லினக்ஸில் 8 பைட். தம்பி இனி இரண்டு பக்கமும் ஓட்டப்போகிறான், ஃபாக்டோரியல் நிரலில் 13-ஐக் கொடுத்தால் டபிள்யூஎஸ்எல்லில் சரியாகவும் யூசிஆர்டி64-இல் உளறலாகவும் வரும். அளவு முக்கியமான இடத்தில் எஸ்டிடிஇன்ட் ஹெடரைச் சேர்த்து இன்ட்64_டி போடு.

நெல்லை_நிரல்

எல்லாம் சரியாகிவிட்டது அக்கா, கோட்பிளாக்ஸ் சிஸ்டம் பக்கம்தான் இருந்தது. டேபும் அதேதான். கடைசியாக ஒன்று கேட்கிறேன். ப்ராஜெக்டில் மெனுவைத் தமிழில் காட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். உபுண்டுவில் தமிழ் வருகிறது, டபுள் கிளிக்கில் கருப்புத் திரையில் என்னென்னவோ குறிகள்.

கட்டளை_கந்தன்

விண்டோஸ் கன்சோல் இயல்பாக யூடிஎஃப்-8 பேசாது, பழைய கோட்பேஜ் ஒன்றில் நிற்கும். மெயினின் முதல் வரியில் செட்கன்சோல்அவுட்புட்சிபி என்ற அழைப்புக்கு 65001 கொடு, விண்டோஸ் ஹெடரைச் சேர்த்துக்கொள். சோர்ஸ் ஃபைலை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்திருக்க வேண்டும். அந்த ஹெடரையும் அழைப்பையும் இஃப்டெஃப் _வின்32 என்று சுற்றிவை, இல்லாவிட்டால் உபுண்டுவில் கம்பைல் ஆகாது. இதற்குப் பிறகும் பழைய கன்சோல் ஜன்னலில் பெட்டி பெட்டியாக வந்தால் எழுத்துரு இல்லை என்று அர்த்தம், விண்டோஸ் டெர்மினலில் ஓட்டு. அங்கேயும் கொம்பும் புள்ளியும் கொஞ்சம் இடம் மாறி நிற்கலாம், ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அகலக் கட்டத்துக்குள் அடைக்கப் பார்ப்பதால் தமிழுக்கு அது எப்போதும் இடைஞ்சல்தான்.

ஸ்ட்ரிங் வேலையில் கவனமாக இரு. தமிழ் என்ற சொல்லுக்கு எஸ்டிஆர்லென் 15 என்று சொல்லும், த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆக 5, ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் 3 பைட். பிரின்ட்எஃபில் 10 இடம் விட்டு எழுது என்று சொன்னால் அது பைட்டைத்தான் எண்ணும், அதனால் பெயர்ப்பட்டியலைப் பத்தி பிரித்து அச்சிட்டால் கோணல்மாணலாக நிற்கும். ஸ்ட்ரிங்கைத் திருப்பிப் போடும் லேப் நிரலில் தமிழைக் கொடுத்துவிடாதே, எழுத்தே உடைந்து குப்பையாகும்.

கீபோர்டிலிருந்து தமிழில் வாங்குவது வேறு தலைவலி, பல விண்டோஸ் பதிப்புகளில் ஸ்கேன்எஃபுக்கு வெற்றுப் பைட்டாக வந்து சேரும். மெனுவைத் தமிழில் காட்டு, தேர்வை எண்ணாக வாங்கு.

வெண்கல_முனையம்

சாரிடம் கொடுக்கும்முன் ஒரு வேலை. கட்டும்போது மைனஸ் ஸ்டாட்டிக் சேர், லைப்ரரிகள் எக்ஸிக்குள்ளேயே சேர்ந்துவிடும். நீ சி மட்டும் எழுதினால் பெரும்பாலும் தேவைப்படாது, ஆனால் பித்ரெட் தொட்டாலோ சி++ எழுதினாலோ லிப்வின்பித்ரெட், லிப்எஸ்டிடிசி++ என்று புதிய டிஎல்எல் பெட்டிகள் அவர் மெஷினில் வரும். உன் மெஷினில் வராது, ஏனென்றால் நீதான் பாத்தில் யூசிஆர்டி64-ஐ வைத்திருக்கிறாயே. சந்தேகம் இருந்தால் யூசிஆர்டி64 ஜன்னலில் எல்டிடி கொடுத்து எக்ஸியைப் பார், சிஸ்டம்32-க்கு வெளியே எந்த வரியும் இருக்கக்கூடாது.

டபுள் கிளிக்கில் முடிந்ததும் ஜன்னல் பட்டென்று மூடிக்கொள்ளும், கடைசியில் ஒரு கெட்சார் வை. ஸ்கேன்எஃபுக்குப் பிறகு என்றால் எஞ்சி நிற்கும் என்டரை அது விழுங்கிவிட்டு அப்படியே மூடும், அதனால் இரண்டு வைக்க வேண்டிவரும். ஜிமெயிலில் அனுப்பாதே, எக்ஸியை ஜிப்புக்குள் போட்டாலும் தடுத்துவிடும். பென்டிரைவில் எடுத்துப் போ, கூடவே சோர்ஸும் மேக்ஃபைலும். அவருடைய ஆன்டிவைரஸ் எக்ஸியைப் பிடித்து வைத்துக்கொண்டால் அங்கேயே கட்டிக் காட்டலாம், லேப் அக்கா சொன்ன டபிள்யூ64டெவ்கிட்டையும் அதே பென்டிரைவில் போட்டுக்கொள்.